பனலூ பாதிரியாரின் இரு பிரசங்கங்கள்: விசுவாசமும் மனித உயிரின் மதிப்பும்

கடவுள்மேல் விசுவாசம் கொண்டோர் மனித உயிருக்குத் தரும் மதிப்பு, விசுவாசம் இல்லாதோர் தரும் மதிப்பைவிட உயர்ந்ததா? இவ்வினாவுக்கு விடை எளிது என்றே நாம் எண்ணுகிறோம். மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்னும் ஆதியாகமச் செய்தியை இறையியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கின்றனர். அச்செய்தி நம் கையில் இருப்பதனாலேயே மனித உயிருக்குக் காவலர் நாம் என்று கருதிக்கொள்கிறோம். ஆனால் சபைக்கு வெளியே நின்று நம்மை நோக்குவோர் வேறொன்றைக் கண்டிருக்கின்றனர். மறுமையை நம்புவோர்க்கு இம்மையின் உயிர் மலிவாகிவிடுகிறது. எந்தச் சாவுக்கும் அவர்களால் ஒரு காரணம் கூற முடிகிறது. காரணத்தைக் கூறியபின் கடமை முடிந்ததென வீடு திரும்பிவிடுகின்றனர் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை இலக்கிய வடிவில் நம்முன் வைத்தவர்களுள் முக்கியமானவர், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு (1913–1960). 1947இல் வெளிவந்த ‘கொள்ளைநோய்’ என்னும் அவரது நாவல், அல்ஜீரியாவின் ஓரான் துறைமுக நகரத்தைப் பிளேக் நோய் பற்றிக்கொள்வதாகக் கற்பனை செய்கிறது. நகர வாயில்கள் அடைக்கப்படுகின்றன. உள்ளே இருப்போர் மாதக்கணக்கில் நாள்தோறும் மடிகின்றனர். அந்நகரில் மருத்துவர் ரியூ என்பவரும், பனலூ என்னும் இயேசு சபைப் பாதிரியாரும் இருக்கின்றனர். ரியூவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பனலூ கற்றறிந்தவர், வல்ல பிரசங்கியார். நாவலில் அவர் ஆற்றும் இரு பிரசங்கங்களையும் ஆராய்ந்து, அவற்றால் காம்யு நம்மீது சுமத்தும் குற்றம் எவ்வளவு தூரம் உண்மை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முதற் பிரசங்கம்

நோய் தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின் திருச்சபையார் ஒரு ஜெப வாரம் நடத்துகின்றனர். அதன் நிறைவு நாளில் வெளியே மழை கொட்டுகிறது. ஆலயம் நிரம்பி வழிகிறது. பனலூ பிரசங்க பீடத்தில் ஏறி, இத்துன்பம் உங்களுக்குத் தகுதியானதே என்னும் கருத்தோடு தொடங்குகிறார். எகிப்தின் வாதைகளை நினைப்பூட்டுகிறார். போரடிக்கும் களத்தில் கோதுமையும் பதரும் பிரிக்கப்படுவதுபோல இந்நகரம் அடிக்கப்படுகிறது என்கிறார். இறுதியில் ஆறுதலும் கூறுகிறார். ஆனால் அவ்வாறுதல் தண்டனையின் வழியாக வரும் ஆறுதல்.

காம்யு இதைக் கேலிச்சித்திரமாகத் தீட்டவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். 1940 ஜூனில் ஜெர்மானியரிடம் பிரான்சு தோற்றபின், தோல்வி நாட்டின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்னும் குரல் அந்நாட்டில் அரசு மேடைகளிலும் ஆலய பீடங்களிலும் ஒலித்தது. அக்குரலைக் கேட்டிருந்த ஒருவர் எழுதிய பிரசங்கம் இது.

இது அந்நாட்டுக்கும் அக்காலத்துக்கும் மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நான் ஒரு கடலோரச் சபையில் இளம் ஆயராக இருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு நான் ஓய்வுநாளைக் குறித்தும், கர்த்தரை மறந்த ஜனத்தைக் குறித்தும் பிரசங்கித்தேன். வேத ஆதாரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆராதனை முடிந்தபின், அலையில் தன் மகனை இழந்திருந்த ஒரு தாய் வாசலில் என்னிடம் வந்து, “அவனுக்கு நாலு வயசுதான் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பனலூவின் பிரசங்கத்தை நான் முதன்முறை படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அதில் என் குரலை அடையாளம் கண்டுகொள்ள எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

இப்பிரசங்கத்தின் பிழை எங்கே உள்ளது? பாவத்தைக் குறித்துப் பேசியதில் அன்று. மரணத்துக்கு விளக்கம் கூறியதில் உள்ளது. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை ஆண்டவர் எடுத்துக்கொள்கிறார். மாண்டவர் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்னும் விளக்கத்தை வெளிப்படையாக மறுக்கிறார். பின்னர் கேட்போரை நோக்கி மனந்திரும்பச் சொல்கிறார். மனந்திரும்புதலுக்கான அழைப்பு உயிரோடிருப்பவர்க்கு உரியது. அதை மாண்டவரின் கணக்கை முடிக்கும் விளக்கமாக மாற்றும்போது, அந்த உயிர் ஒரு பாடத்துக்கு உதாரணமாகிவிடுகிறது. உதாரணமாகிவிட்ட உயிருக்காக எவரும் அழ வேண்டியதில்லை.

2. சிறுவனின் மரணம்

நாவலின் நடுப்பகுதியில், நீதிபதி ஓத்தோன் என்பவரின் சிறு மகன் நோயில் விழுகிறான். புதிதாக ஆக்கப்பட்ட சீரம் அவனுக்குச் செலுத்தப்படுகிறது. அது அவனைக் காப்பாற்றவில்லை. அவன் படும் பாட்டை நீட்டிக்கவே செய்கிறது. ரியூவும் நண்பர்களும் கட்டிலைச் சூழ்ந்து நிற்கின்றனர். பனலூவும் அங்கே இருக்கிறார். முதற் பிரசங்கத்துக்குப் பின் அவர் தொண்டர் குழுவில் சேர்ந்து நோயாளிகளிடையே உழைத்து வருகிறார். அவர் முழங்காற்படியிட்டு, இக்குழந்தையைக் காத்தருளும் என்று மன்றாடுகிறார். குழந்தை இறந்துபோகிறது.

வெளியே வந்த ரியூ பாதிரியாரிடம் சீறுகிறார்: இவனாவது குற்றமற்றவன், இது உமக்கு நன்றாகத் தெரியும் என்னும் பொருளில். நமக்கு விளங்காததையும் நாம் நேசிக்க வேண்டும் போலும் என்று பனலூ மெல்லச் சொல்கிறார். குழந்தைகள் வதைக்கப்படும் படைப்பைத் தாம் சாகும்வரை நேசிக்கப் போவதில்லை என்பது ரியூவின் மறுமொழி. ஆயினும் ஒரே வேலையைச் செய்கிறவர்களாகவே இருவரும் பிரிகின்றனர். நீரும் மனிதனின் இரட்சிப்புக்காகவே உழைக்கிறீர் என்று பாதிரியார் கூற, அது தமக்கு மிகப் பெரிய சொல், மனிதனின் உடல்நலமே தம் அக்கறை என்று மருத்துவர் விடை தருகிறார்.

இப்பகுதியைப் படிக்கும் கிறிஸ்தவ வாசகர் ரியூவை எதிரியாகக் கருதுதல் தகாது. குற்றமற்றவன் துன்புறுவதை ஏற்கமாட்டேன் என்று நின்றவன் ஒருவன் நம் திருமறையிலேயே இருக்கிறான். யோபுவின் நண்பர் மூவரும் முதற் பிரசங்கத்தையே பலமுறை நிகழ்த்தினர். இறுதியில் கர்த்தர் அவர்கள்மேல் சினங்கொண்டு, தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினவன் யோபுவே என்று தீர்ப்பளித்ததை 42ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். தேவனுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்பட்டனர். தேவனோடு வழக்காடியவன் ஏற்றுக்கொள்ளப்பட்டான்.

3. இரண்டாம் பிரசங்கம்

பனலூவின் இரண்டாம் பிரசங்கம் காற்றடிக்கும் ஒரு நாளில், முன்னிலும் சிறிய கூட்டத்துக்குமுன் நிகழ்கிறது. மக்களுள் பலர் இதற்குள் ஆலயத்தை விட்டுத் தாயத்துகளையும் ஆரூடங்களையும் நாடிவிட்டனர். இம்முறை அவர் ‘நீங்கள்’ என்று சொல்லவில்லை, ‘நாம்’ என்கிறார். இச்சிறு மாற்றத்தைக் காம்யு தவறாமல் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பிரசங்கியாரின் மனந்திரும்புதலை ஒரு பிரதிப்பெயரால் காட்டியிருப்பது நம் மாணவர் நினைவிற்கொள்ளத் தக்கது.

பனலூ இப்போது விளக்கம் கூற மறுக்கிறார். அக்குழந்தைக்கு நித்திய பேரின்பம் காத்திருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மறுக்கிறார். மார்சேய் நகரத்துப் பழைய கொள்ளைநோயின்போது ஒரு மடத்திலிருந்த எண்பத்தொரு துறவியருள் நால்வரே பிழைத்தனர், அந்நால்வரிலும் மூவர் ஓடிப்போயினர் என்னும் குறிப்பை எடுத்துக்காட்டி, தங்கி நின்ற அந்த ஒருவராக நாம் இருக்க வேண்டும் என்கிறார். இதுவரை அவரை மறுக்க நமக்குக் காரணம் இல்லை.

ஆனால் அவர் இன்னும் ஓரடி செல்கிறார். எல்லாவற்றையும் ஏற்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் மறுக்க வேண்டும், நடுவழி கிடையாது, ஆகவே குழந்தையின் வேதனையையும் கடவுளின் சித்தம் என்பதால் நாமும் சித்தங்கொள்ள வேண்டும் என்கிறார். இங்கேதான் அவர் வேதத்தை விட்டு விலகுகிறார். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இடையே திருமறை மூன்றாவது வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. அது புலம்பலின் வழி. சங்கீதங்களுள் பல, எதுவரைக்கும் என்று கேட்டு நிற்கின்றன. லாசருவின் கல்லறையருகில் ஆண்டவர் கண்ணீர் விட்டார். மரணத்தை நேசிக்குமாறு மார்த்தாளிடம் கூறவில்லை. முழங்காற்படியிட்டுக் குழந்தைக்காக மன்றாடிய பனலூ, பிரசங்கித்த பனலூவைவிட வேதத்துக்கு நெருங்கியவர்.

விளைவும் அதற்கேற்ப அமைகிறது. பாதிரியார் மருத்துவரை நாடலாமா என்னும் பொருளில் அவர் ஒரு நூல் எழுதத் தொடங்கியிருந்தார். தாமே நோயுற்றபோது, மருத்துவரை அழைக்க வேண்டாம் என்று மறுத்து, சிலுவையைப் பற்றியவாறு இறக்கிறார். நோய்க்குறிகள் தெளிவாக இல்லாமையால், அவரது அட்டையில் ‘ஐயத்துக்குரியது’ என்று பதிவாகிறது. எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கேட்ட ஏசாயா, பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடவும் சொன்னார் என்பதைப் பனலூ மறந்தார். தம் உயிரும் தேவன் தந்த உயிரே என்பதையும் மறந்தார். மருந்தை மறுப்பதை விசுவாசமென்று போதிக்கும் குரல்கள் நம் நடுவிலும் இருக்கின்றன.

4. நாவலுக்கு அருகில் இருந்த ஊர்

இதுகாறும் காம்யுவின் குற்றச்சாட்டை ஏற்றே வந்தோம். இனி அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

காசநோயால் வருந்திய காம்யு, 1942 ஆகஸ்டு முதல் 1943 இலையுதிர்காலம்வரை பெரும்பாலும் நடுப் பிரான்சின் மலைப்பகுதியில் பனலியே என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். ‘கொள்ளைநோய்’ நாவலுக்காக அவர் அங்கே உழைத்தார். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் லெ ஷம்போன்-சூர்-லிஞோன் என்னும் ஊர் இருந்தது. அவ்வூரார் பெரும்பாலும் புராட்டஸ்தாந்தர். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்து ஆணையை ரத்து செய்தபின் கொடிய துன்புறுத்தலுக்கு உள்ளான ஹியூகநாட்டரின் வழிவந்தவர்கள்.

1940 ஜூன் 23ஆம் நாள், போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், அவ்வூர் ஆயர்களான ஆந்திரே த்ரோக்மே, எதுவார் தெயிஸ் இருவரும் சபைக்கு ஓர் அறிக்கை வாசித்தனர். அவர்களும் தாழ்மையைக் குறித்தே பேசினர். ஆனால் தாழ்மையை மனச்சோர்வோடு குழப்பிக்கொள்ளலாகாது என்றனர். மனச்சாட்சிமேல் செலுத்தப்படும் வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவரின் கடமை என்றனர். அடுத்த நான்காண்டுகளில் அவ்வூரும் சுற்றுப்புறப் பண்ணைகளும் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு, பெரும்பாலும் யூதர்களுக்கு, அவர்களுள் பல குழந்தைகளுக்கு, அடைக்கலம் தந்தன. போலி அடையாள அட்டைகளும் உணவுப் பங்கீட்டு அட்டைகளும் ஆக்கப்பட்டன. யூதர்களின் பெயர்ப்பட்டியலை 1942 ஆகஸ்டில் அதிகாரிகள் கேட்டபோது த்ரோக்மே தர மறுத்தார். 1943 பிப்ரவரியில் ஆயர் இருவரும் கைதாகி ஒரு முகாமில் சில வாரங்கள் அடைக்கப்பட்டனர். த்ரோக்மேயின் உறவினரும், அகதிச் சிறுவர் விடுதியின் பொறுப்பாளருமான தானியேல் த்ரோக்மே, அவ்வாண்டு ஜூனில் தம் மாணவரோடு பிடிபட்டு, 1944இல் மைதானெக் முகாமில் மாண்டார். இவ்வரலாற்றை 1979இல் நூலாக எழுதிய பிலிப் ஹாலி, அதன் தலைப்பை உபாகமம் 19:10இலிருந்து எடுத்தார். குற்றமில்லாத இரத்தம் சிந்தப்படாதபடி அடைக்கலப் பட்டணங்களை ஏற்படுத்தும் பகுதி அது. 1990இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவ்வூராரையும் அண்டை ஊராரையும் கௌரவித்தது.

காம்யுவின் ஓரானில் இத்தகைய விசுவாசத்துக்கு இடமில்லை. அங்கே விசுவாசம் என்பது துன்பத்தைக் குறித்து ஒருவர் கூறும் கருத்து. ஆகவே அது சரியான கருத்தாக அல்லது தவறான கருத்தாக மட்டுமே இருக்க முடியும். ஷம்போன் ஊராரோ மரணத்துக்கு விளக்கம் தேடவில்லை. இரவில் கதவைத் தட்டியவருக்குக் கதவைத் திறந்தனர். தேவசாயல் என்னும் உபதேசம் அங்கே உறங்கவுமில்லை. ஆதியாகமம் 9இல் அவ்வுபதேசம் எங்கே வருகிறது என்று பாருங்கள்: இரத்தம் சிந்தாதே என்னும் கட்டளைக்குக் காரணமாக வருகிறது. அது மரணத்தை விளக்கத் தரப்படவில்லை. மரணத்துக்கு முன்னே வேலியாக நிற்கத் தரப்பட்டது.

5. எண்ணப்படாதவர்கள்

ரியூவின் மனிதநேயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஓரான் அல்ஜீரிய நகரம். நாவலின் தொடக்கத்தில் ராம்பேர் என்னும் பத்திரிகையாளர் அரேபியரின் வாழ்நிலையைக் குறித்து எழுதவே அங்கு வருகிறார். அதன்பின் அரேபியர் கதையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிடுகின்றனர். பிளேக்கினால் சாகும் அரேபியர் ஒருவரின் பெயரையாவது நாம் அறிவதில்லை. இக்குறையை 1970இல் கானர் க்ரூஸ் ஓ’பிரையன் வன்மையாகச் சுட்டினார். ஒவ்வோர் உயிரையும் எண்ணிய மருத்துவரின் ஏட்டிலும் எண்ணப்படாதோர் இருந்தனர்.

இதை நாத்திகருக்கு எதிரான வெற்றியாகக் கொண்டாட வேண்டாம். மனித உயிரின் மதிப்பைப் பற்றிய எந்தக் கொள்கையும், நம்முடையது உட்பட, யாருடைய உயிர் எண்ணப்படுகிறது என்னும் இடத்திலேயே சோதிக்கப்படுகிறது. சபைப் பதிவேட்டில் அடக்க ஆராதனைகளை எழுதும் நாம், சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவரை அவ்வாண்டின் மன்றாட்டு ஜெபத்தில் எத்தனை முறை பெயர்சொல்லி நினைத்தோம்?

6. நமது பிரசங்க மேடை

விசுவாசம் மனித உயிரின் மதிப்பை உயர்த்தவும் கூடும், தாழ்த்தவும் கூடும். மரணத்துக்கு விளக்கமாகும்போது தாழ்த்துகிறது. மரணத்துக்கு எதிராகக் காவலாகும்போது உயர்த்துகிறது. என் சகோதரனுக்கு நான் காவலாளியோ என்று கேட்டவன் காயீன். அக்கேள்விக்கு ஆம் என்று விடைகூறுவதே நம் இறையியலின் தொடக்கம்.

ஆயர் பணிக்கு ஆயத்தப்படும் மாணவர்கள் பனலூவின் இரு பிரசங்கங்களையும் வாசித்தல் நலம். துக்கவீட்டுக்குச் செல்லும்போது காரணம் எதையும் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். மாண்டவரின் பெயரையும் வயதையும் கேட்டறிந்து, ஜெபத்தில் அவற்றைச் சொல்லுங்கள். உடன் அமர்ந்திருங்கள். பின்பு வெளியே வந்து, அடுத்த உயிர் அவ்வாறு போகாதிருக்கச் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா என்று பாருங்கள். அந்தத் தாய் வாசலில் என்னிடம் சொன்னது தன் மகனின் வயதை மட்டுமே. அவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.