மகமையும் பிடியரிசியும்: அருப்புக்கோட்டை வட்டாரச் சமூக வரலாறு குறித்து ஒரு மதிப்பீடு

இராமநாதபுரச் சீமையின் வணிகப் பேட்டைகளை ஆராயப் புகும் எவரும், தமிழக நாடார்களைப் பற்றி இராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய நூலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1969இல் வெளியிட்ட இந்நூல், அரை நூற்றாண்டு கடந்தும் மதிப்பிழக்கவில்லை. ஆயினும், அது காட்டும் சமூகத்தில் வீடு எங்கே இருக்கிறது என்னும் வினாவோடு அதனை மீண்டும் படித்தோம். எமக்குத் தோன்றியதைக் கூற விரும்புகிறோம்.

அருப்புக்கோட்டை, சென்னையைப் போலக் கம்பெனியார் கடற்கரையில் புதிதாக எழுப்பிய நகரன்று. எனினும் அதன் வணிக வாழ்வு பெரிதும் அவர்கள் ஆட்சியிலேயே உருப்பெற்றது. 1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின் தெற்கிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த வணிகர்கள், வழித்தங்கல்களாகப் பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களும் இவ்வாறே வளர்ந்தன. விற்கும் வாங்கும் சரக்கின்மேல் ஒரு சிறு பங்கு மகமையாக எடுக்கப்பட்டது. உறவின்முறை அதைக் கொண்டு கோயிலும் கிணறும் சத்திரமும் பள்ளியும் கண்டது. இவ்வமைப்பை விளக்குமிடத்தில் ஹார்ட்கிரேவுக்கு நிகராக எழுதியவர் அரியர். 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்தது, சேதுபதி தொடுத்த வழக்கு, 1899இல் சிவகாசியில் மூண்ட கலவரம், 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு ஆகியவற்றையும் அவர் தெளிவாக எடுத்துரைக்கிறார்.

ஆனால் இவையனைத்தும் கடைவீதியிலும் கோயில் வாயிலிலும் நீதிமன்றத்திலும் நிகழ்ந்தவை. உறவின்முறையில் அமர்ந்தோர் ஆடவர், தராசைப் பிடித்தோர் ஆடவர், வழக்காடியோரும் ஆடவரே. திருவிதாங்கூர் மேலாடைப் போராட்டத்தில் முன்னணியில் தோன்றும் பெண்கள், கதை இச்சீமைக்கு நகர்ந்ததும் பின்னே மறைந்து விடுகின்றனர். அரசியற் பண்பாட்டையே ஆசிரியர் தமது பொருளாகக் கொண்டார் என்று விடை கூறலாம். அவ்விடை எமக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு சமூகம் எழுந்த வரலாற்றைச் சொல்வோர், அது உண்ட சோற்றைச் சமைத்தவர்களை விட்டுவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். விருதுநகரில் 1889இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்தது. காமராசர் பயின்ற பள்ளி என்பதால் இச்செய்தி அவரது வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெறும். உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்ட கை யாருடையது? மகமைக்குக் கணக்கேடு உண்டு. அக்கைக்கு ஏடு இல்லை. நம் திருச்சபையினர் இதைப் பிறர் குறையென்று சுட்டுதல் தகாது. நம் சபைகளிலும் பிடியரிசிக் காணிக்கை உண்டு. அது ஏலத்தில் விற்று, கணக்கில் ஒரே வரியாக ஏறுகிறது. நூற்றாண்டு மலர்களிலோ குருமாரின் படங்களும் செயலாளர்களின் பட்டியலும் நிரம்பி வழிகின்றன. நாமும் அத்தகைய மலர்களுக்கு எழுதியவர்களே.

மற்றொரு குறையும் உண்டு. ஒரு சமூகத்தை மட்டும் எழுதும்போது, அதே ஊரில் வாழும் பிறர் எதிரிகளாகவோ வாடிக்கையாளராகவோ மட்டுமே வருவர். அருப்புக்கோட்டை நெசவாளர் ஊருமாகும். சாலியர், தேவாங்கர் வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தறிக்குழியில் கால் வைத்து ஆடவர் நெய்ய, பெண்கள் தார் சுற்றித் தந்தனர். விடியற்காலையில் தெருவே பாவு விரிக்கும் களமாயிற்று. இவ்வீடுகளில் பட்டறை எது, இல்லம் எது என்று பிரித்துரைப்பது கடினம். கரிசற்காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்களின் குடிசைகள் இதனினும் தொலைவில், எந்நூலுக்கும் எட்டாமல் நிற்கின்றன.

வீட்டை விட்டுவிட்டால் சாதியும் பாதியே விளங்கும். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர் சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக ஒன்றாய் அமர்ந்து உண்ணக் கேட்டது. பலர் மறுத்து விலகினர். சாதியின் இருப்பிடம் உணவு என்று மிஷனரிமார் கண்டது சரியே. ஆனால் அவர்கள் சோதித்தது பொதுப் பந்தியை. அடுப்பங்கரையும் பெண் கேட்கும் திண்ணையும் சோதனைக்கு அகப்படவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் வீடு சந்திக்கச் சென்ற நாட்களில், நற்கருணைக் கிண்ணத்தை ஒன்றாய்ப் பருகியோர் திருமணப் பேச்சில் பிரிந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். கொடையும் அடைப்பும் ஒரே வீட்டுக்குள் உருவாயின என்பதை, மகமையைப் புகழ்வோர் மறந்து விடுகின்றனர்.

இவ்வட்டாரத்தில் உள்ளமைப்போடு எழுத்தில் பதிவான வீடு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1879இல் திருச்சுழியில் இரமணர் பிறந்த வீடு அது. அவர் தந்தை சுந்தரமையர், ஆங்கிலேயர் ஏற்படுத்திய நீதிமன்றத்தில் வழக்காடி வாழ்ந்தவர். வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கென ஒதுக்கியவர். மகன் ஞானியானதாலன்றோ அவ்வீடு ஏட்டில் ஏறியது!

திருச்சுழிப் பக்கம் வார இறுதி ஊழியத்துக்குச் செல்லும் மாணாக்கர் ஹார்ட்கிரேவைப் படித்துவிட்டே செல்லட்டும். சபைப் பதிவேட்டைப் புரட்டுமுன், முதிய தாய்மார் ஒருவரிடம், ஊருணியின் எந்தப் படித்துறையில் தாம் இறங்கக்கூடாதிருந்தது, எவ்வீட்டில் தமக்குக் குடிக்கத் தண்ணீர் மறுக்கப்பட்டது, தம் வீட்டில் தாம் யாருக்கு மறுத்தார் என்று கேட்டு எழுதிவரட்டும். மூன்றாம் கேள்விக்கு விடை வர நேரமாகும்.