மூன்றாவது பெட்டி

நாவல் எழுதுகிறவனிடம் நாவலைப் பற்றி யாரும் யோசனை கேட்பதில்லை. மனை வாங்கலாமா, மாப்பிள்ளை எப்படி, பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அப்படித்தான் பொங்கல் கழிந்து ஒரு நாள் லைட்ஹவுஸ் குப்பத்துச் சிநேகிதர் டெலிபோன் செய்தார்.

"சார், காரு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அதற்கு மேல் அந்த சாஸ்திரத்தில் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. அதைச் சொன்னேன். அவர் விடவில்லை.

"புஸ்தகத்துக்கெல்லாம் நல்லது கெட்டது எழுதறீங்க. இதுக்கு மட்டும் முடியாதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் புகழ்ந்த புத்தகம் மோசமாக இருந்துவிட்டால் வாசகருக்கு முந்நூறு ரூபாயும் இரண்டு ராத்திரியும் நஷ்டம். இவர் கையில் இருந்தது ஐந்தரை லட்சம் ரூபாய். பழைய பைபர் படகில் தமக்கிருந்த பங்கை விற்று வந்த பணம். படகை விற்றுக் கார் வாங்குகிறார் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. புறப்பட்டுப் போனேன்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் பிரயாணம். மீஞ்சூரை நெருங்கும்போது, புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் காமராஜர் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கப்பலேறி வெளிநாடு போகிற கார்கள். இந்த வட்டாரத்து ஜனங்கள் அவற்றை தினம் பார்க்கிறார்கள்; ஏறுவது ஷேர் ஆட்டோவில். பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையைப் பற்றியும் அவர்களுடைய கல்லறைகளைப் பற்றியும் எழுத ஆரம்பித்தால் கார் நின்றுவிடும். ஊரைத் தாண்டி ஏரியின் மேல் பாலம். பாலத்துக்கு அப்பால் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்காள விரிகுடா. இரண்டிலும் உப்பு; நடுவில் வீசுகிற காற்றிலும் உப்பு.

சிநேகிதருக்கு ஒரே நிபந்தனைதான் இருந்தது. "டிக்கி இருக்கணும் சார். தனியா இருக்கணும்."

முதலில் எனக்கு இது கௌரவப் பிரச்னை என்று தோன்றியது. வால் நீண்ட கார்தான் கார் என்கிற எண்ணம் நம் ஜனங்களுக்கு அம்பாஸடர் காலத்திலிருந்து உண்டு. அவர் மனைவிதான் காப்பி கொண்டுவந்து வைத்தபோது உண்மையான காரணத்தைச் சொன்னார். அவர்கள் பெண் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறாள். காலையில் மீன் கூடைகளோடு சேர்ந்துதான் ஆட்டோவில் போகவேண்டும். ஒரு நாள் வகுப்பில் ஒரு சின்னப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டானாம். பையனை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து பையில் இன்னொரு புடவை எடுத்துக்கொண்டு போகிறாளாம். பள்ளிக்கூடத்தில் போய் மாற்றிக்கொள்ள.

சிநேகிதர் இதைக் கேட்டும் கேளாதவர் போல வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவருடைய நிபந்தனையைப் பார்க்கலாம். செடான் என்று சொல்லப்படும் கார் மூன்று பெட்டிகள் சேர்ந்தது. முன்னால் இஞ்சினுக்கு ஒரு பெட்டி, நடுவில் மனுஷர்களுக்கு ஒரு பெட்டி, பின்னால் சாமானுக்கு ஒரு பெட்டி. சின்னக் கார்களில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே. பின்கதவைத் திறந்தால் பாட்டியின் கொண்டை தெரியும். அதில் கூடையை வைத்தால் கூடையின் வாசனை முன் ஸீட்டு வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். செடானில் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. தொழிலும் குடும்பமும் ஒரே வண்டியில் போகவேண்டும், ஆனால் ஒன்றின் வாசனை இன்னொன்றின் மேல் படக்கூடாது என்று நினைக்கிற மனுஷருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடையாது. கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கோணத்தில் எழுதினவர் ஒருவரையும் நான் படித்ததில்லை.

ஆனால் இந்த மூன்றாவது பெட்டிக்குத்தான் நம் தேசத்தில் ஆபத்து வந்தது. 2006-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சின்ன இஞ்சினும் உள்ள கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளைவு என்ன? இன்ஜினீயர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு வாலை அளக்க ஆரம்பித்தார்கள். 2008-ல் டாட்டா இண்டிகோவின் வால் குறைந்தது. அதே வருஷம் வந்த முதல் மாருதி டிசையர் 4160 மில்லிமீட்டர் நீளம். டிக்கி 440 லிட்டர். 2012-ல் வந்த இரண்டாவது டிசையர் 3995 மில்லிமீட்டர்; டிக்கி 316 லிட்டர். பத்திரிகையில் இடமில்லை என்று கடைசி அத்தியாயத்தைப் பாதியாக வெட்டிய தொடர்கதை மாதிரி, பின்கண்ணாடி முடிந்ததும் கார் திடீரென்று முடிந்துபோயிற்று. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோதும் கோடு அதே இடத்தில்தான் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் 18 சதவிகிதம், அந்தப் பக்கம் 40. குடும்பக் காரின் பின்பக்கத்தைத் தீர்மானித்தவர் சிற்பியல்ல, வரி குமாஸ்தா.

டிசையரைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. 2024 நவம்பரில் வந்த புது டிசையர் கெட்டிக்காரத்தனமான வண்டி. அதே 3995 மில்லிமீட்டருக்குள் டிக்கியை 382 லிட்டர் வரை கொண்டுவந்துவிட்டார்கள். மோதல் பரீட்சையில் ஐந்து நட்சத்திரம். ஆறு காற்றுப்பைகள். பெட்ரோலும் குறைவாகவே குடிக்கிறது. பாதுகாப்பு ஒன்றையே பார்த்தால் கேள்விக்கே இடமில்லை, புதுசைத்தான் வாங்கவேண்டும். இதை மறைத்துப் பேசுகிறவன் விமர்சகன் அல்ல, தரகன்.

ஆனால் புது வண்டிக்குக் கையிலுள்ள ஐந்தரை லட்சம் போதாது. மிச்சத்துக்குக் கடன். கடனுக்கு மாசத் தவணை. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற எனக்கும் உங்களுக்கும் தவணை என்பது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். ஏரியிலும் கடலிலும் வருமானம் அப்படி வருவதில்லை. பழவேற்காட்டு ஏரியில் சில குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். முறை வந்தவனுக்கும் அன்று இறால் வரவேண்டும். பாங்கிக்காரருக்குத் தேதி தெரியும். இறாலுக்குத் தேதி தெரியாது. சிநேகிதர் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "கடன்ல வாங்கின காரு தெருவுல நின்னா, வூட்ல தூக்கம் வராது சார்."

ஆகவே பழசு என்று தீர்மானமாயிற்று. மாருதி சியாஸ் என்ற காரைத் தேட ஆரம்பித்தோம். 2014-ல் வந்து 2025-ல் நின்றுபோன வண்டி. நீளம் 4490 மில்லிமீட்டர். டிக்கி 510 லிட்டர். நான்கு மீட்டர் கோட்டுக்கு அஞ்சாமல் கட்டின கடைசிச் சில குடும்பக் கார்களில் ஒன்று. ஜனங்கள் உயரமான வண்டிகளுக்குப் போய்விட்டதால் இதற்கு மவுசு குறைந்தது, நமக்கு லாபம். இந்தக் காரில் பின் ஸீட்டு மடங்காது. நீளமான சாமான் வைக்கமுடியவில்லை என்று விமர்சனங்களில் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். நம் சிநேகிதருக்கு அதுதான் வேண்டியிருந்தது. மடங்காத ஸீட்டென்றால் ஓட்டையில்லாத சுவர்.

முதலில் பார்த்த வண்டி சென்னையில். கண்ணாடி மாதிரி பாலிஷ். புரோக்கர் கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை. எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. அட்டை அதிக அழகாயிருந்தால் உள்ளே எழுத்து சரியிராது என்பது என் தொழில் அனுபவம். பின் ஸீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு சேற்றுக் கோடு. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் குழியில் துரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கவேண்டும். புரோக்கர் "வாஷ் பண்ணினது" என்றார். சிநேகிதர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "இது வாஷ் இல்லீங்க, வெள்ளம்" என்றார். தண்ணீர் நின்ற அடையாளத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெல்ட் விஷயத்தை மட்டுமாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைத் திருப்பலாம், பெயிண்ட் அடிக்கலாம். பெல்ட்டை முழுக்க இழுத்துத் துவைக்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது.

இரண்டாவது வண்டி 2017 மாடல், ஒரே கை, பெட்ரோல். பெல்ட் சுத்தம். இரண்டே காற்றுப்பை என்பது மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அவர்களைக் கேட்டு ஒரு நாளைக்குக் குப்பத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தோம். பாலத்தின் மேல் தென்றலாகப் போயிற்று. கிளச் பஞ்சு மாதிரி. குப்பத்துத் தெருவுக்குள் நுழைந்ததும்தான் நாலரை மீட்டர் நீளத்தின் அருமை தெரிந்தது. உலர்கிற வலைகளுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் நடுவே வளைக்கமுடியாமல் நாலு தடவை பின்வாங்கினோம். வாண்டுகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

சிநேகிதரின் தாயாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். முழங்கால் மடங்காது. வண்டி அவருக்காகவும்தான், பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒரு தடவை போகவேண்டும். பின் ஸீட்டில் உட்காரவைத்தோம். காலை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தார். "எடம் தாராளமா கீது" என்று சொன்னார். எழுந்திருக்கச் சொன்னோம். முடியவில்லை.

"இன்னாப்பா இது, தரையில ஒக்காந்த மாதிரி இருக்குது. கை குடு தம்பி."

நானும் சிநேகிதருமாகத் தூக்கிவிட்டோம். இந்தக் காலத்துச் செடான்கள் எல்லாவற்றின் மேலும் நான் வைக்கிற பெரிய குற்றச்சாட்டு இது. அம்பாஸடரின் உயரம் சுமார் 160 சென்டிமீட்டர். ஸீட்டு நாற்காலி உயரம். பாட்டிமார்கள் திண்ணையிலிருந்து இறங்குவதுபோல இறங்கினார்கள். சியாஸின் உயரம் 148½ சென்டிமீட்டர். காற்றைக் கிழித்துப் போகவேண்டும், பெட்ரோல் மிச்சமாகவேண்டும் என்று கூரையைத் தாழ்த்தினார்கள். கூரையோடு பாட்டியும் தாழ்ந்துபோனாள். ஜனங்கள் உயரமான வண்டிகளுக்கு ஓடுவதை நாகரிக மோகம் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். பாதிப் பேர் அம்மாவின் முழங்காலுக்காக ஓடியிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பட்டது. கெட்டியான மெத்தை ஒன்று போட்டு மூன்று அங்குலம் உயர்த்திப் பார்த்தோம். இரண்டாம் தடவை தாயார் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு உப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு; மணல் அடைத்துக்கொண்டால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். சைலன்ஸர், பிரேக் குழாய்கள் எல்லாம் உப்புக் காற்றுக்குப் பிரியமான பண்டங்கள். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவையாவது அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவவேண்டும், உப்புத் தண்ணீர் கூடவே கூடாது என்றேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன். சிநேகிதரின் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினி கொடம் ஆவும் சார்?"

நான் யோசித்தேன். பத்துக் குடத்துக்குக் குறையாது.

"நல்ல தண்ணி நாங்களே கொடம் கணக்குலதான் புடிக்கிறோம். வண்டிக்குப் பத்துக் கொடமா?"

எத்தனையோ மதிப்புரைகளில் எத்தனையோ அளவுகள் படித்திருக்கிறேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வாரத்துக்கு எத்தனை குடம் என்று ஒருவரும் எழுதியதில்லை. நானும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அதை நினைக்கவில்லை. அந்தக் கேள்வியோடு பேரம் நின்றுபோயிருக்கும். மகள்தான் வழி சொன்னாள். "நான்தானே தினம் ஓட்டிக்கினு போகப்போறேன். சனிக்கிழமை பொன்னேரியிலயே வாட்டர் வாஷ் குடுத்துட்டு வரேன். அங்க போர்த் தண்ணி நல்லா இருக்கும்." அவள் லைசென்ஸ் எடுத்து மூன்று மாசம் ஆகியிருந்ததாம். அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஐந்து லட்சத்து இருபதாயிரத்துக்கு முடிந்தது. மிச்சத்தில் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சும், தாயாருக்கு மெத்தையும்.

பதினைந்து நாள் கழித்து, காசிமேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், அங்கே வந்திருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து பெரம்பூரில் விட்டார்கள். மகள் ஓட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். நானும் தாயாரும் பின்னால். காரில் மீன் ஏற்றுவதில்லை என்று வீட்டில் சட்டம் போட்டிருப்பதாகச் சிநேகிதர் வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தனி டிக்கி கேட்டவர் இப்போது டிக்கிக்கும் பூட்டுப் போட்டுவிட்டார். என் வீட்டு வாசலில் இறங்கி, என் பையை எடுப்பதற்காக டிக்கியைத் திறந்தோம். பைக்குப் பக்கத்தில் பழைய பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி ஒரு பெரிய பொட்டலம்.

"நெத்திலிக் கருவாடு, தம்பிக்குத்தான்" என்றார் தாயார், உள்ளே உட்கார்ந்தபடியே.

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அதற்கு மூன்றடி முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சிநேகிதர் தாயாரை முறைத்தார். மகள் புடவைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். பிறகு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு டிக்கியைச் சாத்தினாள்.