கேத்தரினின் நீண்ட விரல்

முதலில் இடது கண். ஸ்கேலின் ஓரத்தை அந்தக் கண்மணியின் மேல் வைத்து, அதே உருவத்தின் இடது கையில் எந்த விரல் நீளமோ அதன் நுனியைத் தொடும்படி திருப்ப வேண்டும். கோட்டை அப்படியே நீட்டினால் ஓவியத்தைத் தாண்டிப் போய், சுற்றிலும் சட்டம் போல ஓடும் எழுத்து வரிசையில் ஓர் எழுத்தின் மேல் முட்டும். அதைக் குறித்துக்கொண்டு, மறுபடி இடது கண்ணிலிருந்து இடது காலின் நீண்ட விரலுக்கு ஒரு கோடு. அடுத்து வலது கண்ணும் வலது கையும். கடைசியாக வலது கண்ணும் வலது காலும். மனிதனோ முயலோ தவளையோ, படத்தில் கண்ணும் விரலும் தெரிகிற எல்லா உயிருக்கும் இதே முறைதான். முதல் ஓவியத்தில் இப்படிக் கிடைக்கும் எழுத்துகளைக் கோத்தால் வருகிற சொல், கேத்தரின்ஸ்.

கிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1979ல் வெளியிட்ட ‘மாஸ்கரேட்’ புத்தகத்தின் ரகசியம் இதுதான். இன்று இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அன்றைக்கு ஒரு நாடே இதற்காக இரண்டரை ஆண்டு தவித்தது.

லண்டன் பதிப்பாளர் டாம் மாஷ்லர், படப் புத்தகத்தில் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்து காட்டும்படி வில்லியம்ஸைச் சீண்டினார். சின்ன வயதில் விளையாடிய புதையல் விளையாட்டுகள் வில்லியம்ஸுக்கு நினைவுக்கு வந்தன. புதிரில் சுவாரஸ்யம் இருக்காது. கடைசியில் கிடைக்கும் பொருளும் தேடிய பாட்டுக்கு ஈடாகாது. தான் செய்தால் பொருள் நிஜத் தங்கமாக இருக்க வேண்டும், நிஜ மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், புதிரும் நிஜமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 18 காரட் தங்கத்தில், மாணிக்கமும் நிலாக்கல்லும் பதித்து, கம்பிவேலைப்பாட்டுடன் ஒரு முயல் பதக்கத்தைத் தன் கையாலேயே செய்தார். அதை முயல் வடிவச் சுடுமண் பேழைக்குள் வைத்து மூடினார். 1979 ஆகஸ்ட் மாதத்து இரவு ஒன்றில், தொலைக்காட்சி வினாடிவினா நடத்திப் புகழ்பெற்ற பாம்பர் காஸ்கோய்னைச் சாட்சியாக அருகில் வைத்துக்கொண்டு, மண்ணைத் தோண்டிப் புதைத்தார்.

கதை எளிமையானது. சூரியன்மேல் காதல் கொண்ட நிலா அவனுக்கு ஒரு பரிசு அனுப்புகிறாள். அதைச் சுமந்து போகிறவன் ஜாக் என்ற முயல். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால் கையில் பரிசு இல்லை; வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நிலாவின் கறையை முயல் என்று பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் தூதன் அந்நியன் அல்ல. விழுந்த பொருள் எங்கே என்பதைக் கதை சொல்லாது, 15 ஓவியங்கள் சொல்லும்.

அந்த ஓவியங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். புல்லின் ஒவ்வொரு இதழையும் தனித்தனியாகத் தீட்டும் பொறுமை, தேன் நிற வெளிச்சம், ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒளிந்திருக்கும் முயல் எல்லாம் ரசிக்கத்தக்கவைதான். என்னை மறுபடி மறுபடி அந்தப் புத்தகத்துக்கு இழுப்பது வேறொன்று. ஓவியரின் கையைப் புதிர் எந்த அளவுக்குக் கட்டிப்போட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது வருகிற வியப்பு அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோட்டுக்கு ஓர் எழுத்து. பதின்மூன்றாம் படத்தில் கிடைக்க வேண்டிய ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டே எழுத்து. அப்படியென்றால் அந்தப் படம் முழுவதிலும் கண்ணோடு சேர்ந்து தெரிகிற கை கால்கள் இரண்டைத் தாண்டக் கூடாது. மற்றதெல்லாம் உடைக்குள்ளோ இலைக்குப் பின்னாலோ படச்சட்டத்துக்கு வெளியேயோ மறைய வேண்டும். அதற்கடுத்த படத்தில் வர வேண்டியவை 14 எழுத்துகள். ஓர் உருவத்துக்கு அதிகம் போனால் நான்கு கோடு. ஆகவே குறைந்தது நான்கு உயிர்களாவது அங்கே கூட வேண்டும். அத்தனையின் பார்வையும் விரல் நுனியும் மயிரிழை பிசகாமல் அந்தந்த எழுத்துக்கு நேராக நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, பார்க்கிறவனுக்கு அது இயல்பான ஓவியமாகவே தெரிய வேண்டும். விரல்கள் எதையோ காட்டுகின்றன என்ற சந்தேகம் எழக் கூடாது.

நம் சித்திரக்கவிகளில் ரதபந்தம், நாகபந்தம் பார்த்தவர்களுக்கு இந்த உழைப்பு புரியும். பாம்பின் உடல் பின்னிக்கொள்ளும் இடத்தில் நிற்கிற ஓர் எழுத்து இரண்டு வரிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படமும் கெடக் கூடாது, பாட்டும் கெடக் கூடாது. அங்கே எழுத்து படத்துக்குள் குடியிருக்கிறது. வில்லியம்ஸ் அதை வெளியே, விளிம்புக்கு அனுப்பிவிட்டுப் பார்வையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். நம் புலவர்கள் பார்த்திருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. வாங்கியவர்கள் ஸ்கேலை எடுக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் நிலம் அப்படிப்பட்டது. அங்கே அஃபிங்டன் ஊர்க் குன்றின் சரிவில் புல்லைச் செதுக்கி, பள்ளம் வெட்டி, சுண்ணாம்புக் கல்லை இட்டு நிரப்பிய ஒரு வெள்ளைக் குதிரை ஏறக்குறைய 110 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வயது சுமார் 3000 ஆண்டு. தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள் கூடிப் புல்லைச் சுரண்டி வெள்ளையைப் புதுப்பித்திருக்காவிட்டால் அது எப்போதோ புல்லுக்குள் மறைந்திருக்கும். குதிரை நிற்கும் குன்றுக்குப் பெயர் வெள்ளைக் குதிரைக் குன்று. கீழே உள்ள சிறு மேட்டுக்குப் பெயர் டிராகன் குன்று. உச்சியில் புல் முளைக்காத ஒரு திட்டு இருக்கிறது, புனித ஜார்ஜ் கொன்ற டிராகனின் ரத்தம் சிந்திய இடம் அது என்று ஊரில் கதை. குன்றில் உருவம், பெயரில் கதை என்று இருக்கிற நாட்டில் பிறந்தவன் ஒரு புதிர்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் வரைபடத்தை விரித்து ஊர்ப்பெயர்களைத்தான் மேய்வான்.

அப்படியே மேய்ந்தார்கள். ஆங்கிலத்தில் காட்டுமுயலுக்கு ‘ஹேர்’. குளோஸ்டர்ஷயரில் ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் என்று ஒரு குன்று இருக்கிறது. பெயரில் முயல் இருந்தது போதும். கூட்டம் கூட்டமாக அங்கே போய்த் தோண்டினார்கள். கடைசியில் இங்கே முயல் இல்லை என்று அறிவிக்கும் பலகைக்கு வில்லியம்ஸ் தன் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓவியங்களின் பின்னணியில் அடையாளம் தெரிந்த இடங்களான ட்யூக்ஸ்பரி ஊரும் டார்பிஷயரின் சட்பரி மாளிகையும்கூடத் தேடுகிறவர்களிடமிருந்து தப்பவில்லை.

ஊர்ப்பெயரில் விடை இருக்கும் என்று அவர்கள் நினைத்தது சரி. பெயரைத் தேடிய இடம்தான் தவறு. 15 படங்கள் தருகிற 15 விடைகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் ‘குளோஸ் பை ஆம்ப்ட்ஹில்’, அதாவது ஆம்ப்ட்ஹில் அருகே, என்று வருகிறது. பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள சிற்றூர். அதன் பழைய ஆங்கிலப் பெயருக்கு எறும்பு மேடு என்று பொருள். முயலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர்களைப் பார்த்து ஊகிக்கிறவன் ஆயுள் முழுக்கத் தேடினாலும் அந்த ஊரில் போய் நிற்க மாட்டான். படத்தைப் பார்க்கிறவன் மட்டுமே போய்ச் சேர்வான். இதை நான் பெரிய நேர்மையாக மதிக்கிறேன். அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுக்காத புதிர் உழைப்பவனுக்குச் செய்யும் மரியாதை அது.

ஊர் தெரிந்துவிட்டது. ஊரில் எங்கே? அதே 15 விடைகளை இடமிருந்து வலமாக ஒரே வாக்கியமாகப் படிக்க வேண்டும். கேத்தரினின் நீண்ட விரல் பூமிக்குள் கிடக்கும் மஞ்சள் தாயத்தின் மேல் நிழலாக விழும், நடுப்பகல் அந்த வேளையைக் காட்டும், இரவும் பகலும் சமமாகும் நாளின் வெளிச்சத்தில் பார் என்று அது சொல்கிறது.

கேத்தரின் யார்? எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி, அரகான் நாட்டிலிருந்து வந்த அரசி. மன்னன் அவளை விலக்கிவைக்க வழக்காடிய நாட்களில், 1531 முதல் 1533 வரை, அவள் ஆம்ப்ட்ஹில் கோட்டையில் இருந்தாள். திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு வந்தபோதும் அங்கேதான். அந்தக் கோட்டை இன்று இல்லை. அது நின்ற இடத்தில் அவள் நினைவாக 1773ல் ஒரு கல் சிலுவைத் தூணை நாட்டினார்கள். திறந்த புல்வெளி மேட்டில், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதுதான் விரல்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். படத்துக்குள் என்ன செய்தோம்? கண்ணிலிருந்து நீண்ட விரலின் நுனி வழியாக ஒரு கோடு இழுத்து, அது போய் விழும் எழுத்தைக் குறித்தோம். மண்ணில் என்ன நடக்கிறது? சூரியன் கண். சிலுவைத் தூண் நீண்ட விரல். சூரியனிலிருந்து தூணின் நுனியைத் தொட்டுக்கொண்டு வருகிற கோடு புல்தரையில் விழுகிற புள்ளிதான் எழுத்து. காகிதத்தில் 15 முறை நம் கையைப் பிடித்துப் பழக்கிய அதே சைகையை, பதினாறாவது முறை வானத்தையும் பூமியையும் வைத்துச் செய்து காட்டுகிறார். பூட்டும் சாவியும் ஒரே உலோகத்தில் வார்த்தவை. புதிர்களில் கடினமானவை ஆயிரம் உண்டு. முறையும் விடையும் இப்படி ஒன்றாகவே இருக்கிற புதிரை நான் வேறு கண்டதில்லை. 1993ல் வெளியாகி 2024ல்தான் கண்டெடுக்கப்பட்ட பிரான்ஸின் தங்க ஆந்தைப் புதிர் இதைவிடப் பல மடங்கு கடினம். ஆனால் அதன் கடினத்தை வியக்கிறேனே தவிர, எனக்கு அதில் இந்தச் சிலிர்ப்பு இல்லை.

நிழலைக் கொண்டு இடம் குறிப்பது நமக்கும் பழைய வித்தை. மனை வகுக்கச் சங்கு நட்டு நிழல் பார்த்துத் திசை கண்டார்கள். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுக்கும் காட்சியிலும் இது வருகிறது. அந்தக் கண்ணோடு ஆம்ப்ட்ஹில் தூணைப் பார்க்கலாம். ஊர் 52 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சம இரவு நாளின் நண்பகலில் சூரியன் 38 பாகை உயரத்தில்தான் நிற்கும். நிழல் தூணைப் போல ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே நீளும். வில்லியம்ஸ் பேழையைப் புதைத்த ஆகஸ்டில் அதே நிழல் தூணின் உயரத்தில் முக்கால் பங்குதான். அதுவும் அவர் போனது இரவில். ஆக, புள்ளியை முன்பே குறித்து வைத்திருந்தால்தான் அந்த இருட்டில் மண்ணைத் தொட முடியும். இன்னொன்று, கடிகாரத்தின் 12 மணியை நம்பிப் போகிறவன் ஏமாறுவான். மார்ச் மாதச் சம இரவு நாளில் அந்த ஊருக்குச் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 12 தாண்டி ஏறக்குறைய 9 நிமிடம் ஆகியிருக்கும். தூண் 15 அடி என்று வைத்துக்கொண்டால், அந்த 9 நிமிடத்தில் நிழல் நுனி ஓர் அடி நகர்ந்துவிடும். பேழையின் அளவே அவ்வளவு இருக்காது.

விடையை முழுமையாகக் கண்டவர்கள் மைக் பார்க்கர், ஜான் ரூஸோ என்ற இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். நிழல் கணக்குக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? 1982ன் தொடக்கத்தில் போய்த் தோண்டினார்கள், பேழை கண்ணில் படவில்லை. அவர்கள் வாரிப் போட்ட மண்ணோடு மண்ணாக அது வெளியே வந்து கிடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குள் கென் தாமஸ் என்ற பெயரில் ஒருவர் வில்லியம்ஸுக்கு இடத்தை வரைந்து அனுப்பி, முயலையும் எடுத்துக்கொண்டார். அவர் புதிரை விடுவித்து வந்தவர் அல்ல, ஓவியருடன் முன்பு வாழ்ந்த ஒருவர் மூலம் ஊரைத் தெரிந்துகொண்டு வந்தவர் என்று 1988ல் சண்டே டைம்ஸ் எழுதியது. அதே ஆண்டு முயல் ஏலத்துக்கு வந்தது. வில்லியம்ஸும் கேட்டார், 6,000 பவுண்டு வரை. அது போனதோ 31,900 பவுண்டுக்கு. அவர் அதை மறுபடி பார்த்தது 2009ல்தான்.

இந்தக் கதையைச் சொல்லிப் புதிரே தோற்றுவிட்டது என்பவர்களை நான் ஏற்பதில்லை. பொன்னை எடுத்துக்கொண்டவர் ஊர் தெரிந்து வந்தார். அந்த ஆசிரியர்கள் இருவரும் கண்ணிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து எழுத்துக்கும் ஒவ்வொரு கோடாக நடந்து, குளிர்கால வெயிலில் அந்தத் தூணடிக்கு வந்து சேர்ந்தார்கள். வில்லியம்ஸ் யாருக்காக ஆண்டுக்கணக்கில் தூரிகை பிடித்தாரோ அவர்கள் இவர்கள்தான்.

நிழலைப் பற்றி இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆண்டின் மற்ற நாட்களில் ஒரு தூணின் நிழல் நுனி தரையில் வளைந்த பாதையில் போகும். கோடையில் ஒரு பக்கம் வளையும், குளிர்காலத்தில் மறு பக்கம். இரவும் பகலும் சமமாகும் நாளில் மட்டும் அது வளைவதில்லை. காலையில் மேற்கே தொடங்கி, நண்பகலில் அந்தப் புள்ளியைத் தொட்டு, மாலையில் கிழக்கே முடியும் வரை, ஸ்கேல் வைத்துப் போட்டது போல, ஆம்ப்ட்ஹில் புல்லின் மேல் ஒரே நேர்கோடு.