தோலைத் தடுத்தார்கள், தகரம் பேசியது

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில், யாரென்றே தெரியாத ஒரு பாட்டி கைநிறையச் சேற்றை அள்ளி என் இரு கன்னத்திலும் பூசிவிட்டுச் சிரித்தார். டிரினிடாட் கார்னிவலிடம் நான் மனதைப் பறிகொடுத்தது அந்த நொடியில்தான்.

கிறிஸ்தவர்களின் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை, இருட்டிலேயே தொடங்கும் இந்தச் சேற்றுக் கொண்டாட்டத்துக்கு 'ஜூவே' என்று பெயர். பொழுது விடிகிறது என்று பொருள். சேறும் சாயமும் பூசிய பிறகு முதலாளி யார், கூலியாள் யார்? எல்லாரும் ஒரே நிறம்!

கொம்பும் சங்கிலியுமாக, உடம்பெல்லாம் கருப்பு பூசிய ஒரு கூட்டம் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு எதிரே வந்தது. 'ஜாப் மொலாஸி', அதாவது கரும்புப்பாகுப் பிசாசு. கொதிக்கும் பாகுக் கொப்பரையில் விழுந்து செத்த அடிமையின் ஆவி இது என்பார்கள். கதை தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. தங்களை வதைத்த கரும்பையே வேஷமாகக் கட்டி ஆட எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் முகமூடி விருந்துகளில் அடிமைகளுக்கு இடமில்லை. 1838-இல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவையே தங்கள் விருந்தாக்கிக்கொண்டார்கள். கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் நள்ளிரவிலும் தங்களை விரட்டிச் சென்று வேலை வாங்கியதை, கையில் பந்தமும் கம்புமாக நடித்துக் காட்டினார்கள். அதுதான் 'கேன்பூலே'. 1881-இல் போலீஸ் தடுக்க வந்தபோது திருப்பி அடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தோல் முரசுக்கே தடை வந்தது. சும்மா இருந்தார்களா? மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். பிறகு பிஸ்கட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி. 1940-களில் எண்ணெய் பீப்பாய்! இன்று அந்த 'பேன்' நாட்டின் தேசிய வாத்தியம். ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது.

பேன் குழுவினர் பயிற்சி செய்யும் ஒரு முற்றத்தில், அதாவது 'பேன் யார்டில்', ஒருவர் சுருதி சேர்ப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். பீப்பாயின் அடிப்பக்கம் சட்டிபோலக் குழிந்திருந்தது. அதற்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சின்ன மேடு. சுத்தியலால் மெல்லத் தட்டுவார், ரப்பர் சுற்றிய குச்சியால் தொட்டுப் பார்ப்பார், மறுபடியும் தட்டுவார். திடீரென்று தகரம் கோவில் மணிபோலக் கனிந்து பாடியது. குவீன்ஸ் பார்க் சவன்னா மைதானத்தில் 'பனோரமா' என்ற பேன் இசைப் போட்டியில் நூறு பேர் சேர்ந்து வாசித்தபோது காலடி மண்ணே அதிர்ந்தது. அதற்கு ஈடான வாத்திய இசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கார்னிவலுக்குப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வேஷ ஊர்வலத்தின் இறகையும் ஜிகினாவையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கேன்பூலே மோதலை நாடகமாக நடிக்கிறார்கள். அதை அவசியம் பாருங்கள். திங்கட்கிழமை இருட்டில் தெருவில் இறங்குங்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சேற்றுக் கறை போகவே போகாது.