சட்ட அத்தியாயத்தில் ஒரு கவிதை விமர்சனம்

அமெரிக்கக் குடியரசு பிறந்த சூட்டோடு எழுதப்பட்ட ஒரு கவிதை விமர்சனம் எந்த இலக்கிய நூலிலும் இல்லை. சட்டங்களைப் பற்றிய ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது. தாமஸ் ஜெஃபர்ஸன் 1781-ல் எழுதத் தொடங்கிய ‘வர்ஜீனியா மாநிலக் குறிப்புகள்’ நூலின் 14-ஆவது பகுதி அது. அந்தத் தீர்ப்பு தவறானது என்று பலரும் சொல்லிவிட்டார்கள். அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

அடிமைகளின் குழந்தைகளைப் பொதுச் செலவில் வளர்த்து, பருவம் வந்ததும் விடுதலை செய்து, வேறெங்காவது குடியேற்றிவிட வேண்டும் என்ற யோசனையை அந்த அத்தியாயத்தில் ஜெஃபர்ஸன் விவரிக்கிறார். விடுதலை செய்தபின் இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியையும் அவரே எழுப்புகிறார். பதிலாகக் காரணங்களை அடுக்குகிறார். வெள்ளையரின் வெறுப்பு, கறுப்பர்களின் மனதில் ஆறாமல் கிடக்கும் நினைவுகள், பிறகு இயற்கையே வகுத்ததாக அவர் கருதுகிற வேறுபாடுகள். இந்தக் கடைசிப் பட்டியலில் கவிதை வந்து சேர்கிறது. துயரம் கவிதையைத் தரும், இவர்களிடம் துயரத்துக்குக் குறைவில்லை, ஆனால் கவிதை இல்லை என்பது அவர் வாதம். ஃபிலிஸ் வீட்லி என்ற பெண்ணின் கவிதைகள் இந்த வாதத்துக்கு இடைஞ்சலாக நிற்கின்றன. மதம் அவரை எழுத வைத்திருக்கலாம், அது கவித்துவம் ஆகாது, எடுத்துப் பேசவே அருகதையற்றவை என்று ஒதுக்கிவிடுகிறார். பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. அவற்றை அந்தப் பெண்தான் எழுதினாரா என்ற சந்தேகத்தையும் வாக்கியத்துக்குள் ஓசைப்படாமல் வைத்துவிடுகிறார்.

ஒரு வரியைக்கூட அவர் எடுத்துக்காட்டவில்லை. கவிதையைப் பற்றிய தீர்ப்பு, கவிதை இல்லாமலே நடந்து முடிகிறது.

ஃபிலிஸ் 1761-ல் ஓர் அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர். பால்பல் விழுகிற வயது. கப்பலின் பெயரே முதல் பெயராயிற்று. விலைக்கு வாங்கியவரின் குடும்பப் பெயர் இரண்டாவது பெயர். கவிதைத் தொகுதி 1773-ல் லண்டனில் வெளியாயிற்று. கவர்னர் உட்பட பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர், இவற்றை எழுதியது இந்தப் பெண்தான் என்று கையெழுத்திட்ட அத்தாட்சி அதில் சேர்க்கப்பட்டது. அத்தாட்சியோடு வந்த கவிதைகள் அவை. அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை.

என் சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபிலிஸின் கவிதைகளில் பெரும்பாலானவை எனக்கும் பிடிக்கவில்லை. போப் வார்த்துவைத்த ஈரடிகளில் பிசகாமல் நடக்கிற இரங்கற்பாக்கள் பல. இறந்தவர் எவராயினும் சொர்க்கம் ஒரே மாதிரி திறந்துகொள்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைப் பற்றிய புகழ்பெற்ற எட்டு வரிகளில், கொண்டுவந்த கப்பல் இல்லை. அது கடவுளின் கருணையாக மாறிவிடுகிறது. 1960களில் கறுப்புக் கலை இயக்கத்தினர் சிலர் இதற்காகவே ஃபிலிஸைக் கடுமையாக நிராகரித்தார்கள். அப்படியானால் ஜெஃபர்ஸனிடமிருந்து நான் எந்த இடத்தில் வேறுபடுகிறேன்?

இதற்கு விடை அதே தொகுதியில் இருக்கிறது. காலனிகளுக்கான மந்திரியாக அமர்த்தப்பட்ட டார்ட்மத் பிரபுவுக்கு எழுதிய கவிதை அது. தொடக்கம் வழக்கமான துதி. இனி அமெரிக்கா கொடுங்கோன்மையின் சங்கிலிக்கு அஞ்ச வேண்டாம் என்று போகிறது. நடுவில் குரல் மாறுகிறது. சுதந்திரத்தின் மீது எனக்கு ஏன் இத்தனை பற்று என்று கேட்கிறீர்களா, சிறு வயதில் நான் பறித்துக்கொண்டுவரப்பட்டவள், என் தகப்பனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்கிறார். அதே ஈரடிதான், அதே எதுகைதான். ஆனால் அந்த நாட்களில் பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்த ஒவ்வொரு துண்டுப் பிரசுரமும் ‘அடிமைத்தனம்’ என்ற சொல்லை உருவகமாக வீசிக்கொண்டிருந்தபோது, ஃபிலிஸின் கையில் மட்டும் அது உருவகமாக இல்லை. தேய்ந்துபோன ஒரு சொல்லுக்கு அதன் பொருளைத் திருப்பித் தருவது கவியின் வேலை என்றால், அந்தச் சில வரிகளில் அது நடந்திருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரின் காதில் அது விழுந்திருக்க வேண்டும்.

‘இந்தக் கவிதை இந்த இடத்தில் தவறுகிறது’ என்பது ஒரு வாக்கியம். ‘இவர்களுக்குக் கவிதை வராது’ என்பது வேறொரு வாக்கியம். முதலாவதற்குப் பிரதி வேண்டும். இரண்டாவதற்குப் பிரதி இடையூறு. கவிதை உண்டென்று ஒப்புக்கொண்டால் கற்பனை உண்டு, கற்பனை உண்டென்றால் இயற்கை வகுத்த வேறுபாடு என்ற காரணம் ஆட்டம் காணும். அதனால்தான் அந்த விமர்சனம் சட்ட அத்தியாயத்தில் இருக்கிறது.

அந்த யோசனை ஏட்டோடு நிற்கவில்லை. விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதற்கென்றே 1816-ல் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் அமைந்தது. ஹென்றி கிளே போன்ற தலைவர்கள் முன்னின்றார்கள். அதில் பலருக்கு அது தர்ம காரியம், சமூகச் சீர்திருத்தம். லைபீரியா அப்படித்தான் உருவாயிற்று.

இதற்கெல்லாம் பதில் பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கரிடமிருந்து 1829-ல் வந்தது. சுதந்திர மனிதராகப் பிறந்த கறுப்பர் அவர். அவருடைய ‘முறையீடு’ ஒரு முகவுரையும் 4 ஷரத்துகளும் கொண்டது. அரசியல் சாசனத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. 4-ஆவது ஷரத்து முழுவதும் குடியேற்றத் திட்டத்துக்கு எதிரானது. பெரிய எழுத்துகளும் அடுக்கடுக்கான ஆச்சரியக்குறிகளும் பக்கங்களில் இரைகின்றன. பிரச்சாரம் என்று நான் சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய எழுத்து.

ஆனால் ஜெஃபர்ஸன் செய்யாததை வாக்கர் செய்தார். எதிராளியின் நூலை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் வாக்கியங்களை முன்னால் நிறுத்திப் பேசினார். அதைவிட, தன் மக்களிடம் அந்த நூலை வாங்கி மகன்கள் கையில் கொடுங்கள் என்றார். வெள்ளை நண்பர்கள் நமக்காக எழுதுகிற மறுப்பு போதாது, நாமே படித்து நாமே மறுக்க வேண்டும் என்றார். தன்னை இழிவுபடுத்துகிற பிரதியை எரிக்கச் சொல்லாமல் படிக்கச் சொல்கிற இந்தத் துணிச்சலுக்கு விமர்சனம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

தென்மாநில அரசுகள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டன. கடலோடிகள் வழியாகப் பிரசுரம் தெற்கே போய்ச் சேர்ந்ததும் ஜார்ஜியாவும் வட கரோலினாவும் அதைப் பரப்புவோருக்கு எதிராகச் சட்டம் செய்தன. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையும் தடுத்தன. 1830 ஆகஸ்டில் வாக்கர் இறந்தார். ஜெஃபர்ஸன் 1826-லேயே இறந்துவிட்டார். அடுத்த ஆண்டே அவருடைய அடிமைகள் சுமார் 130 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள், கடனை அடைப்பதற்காக.

ஃபிலிஸ் வீட்லி பெரிய கவி என்று நிரூபிப்பது என் நோக்கமல்ல. அவருடைய பல கவிதைகள் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. எந்த இடத்தில், ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் நானும் சட்ட அத்தியாயத்தில்தான் எழுதிக்கொண்டிருப்பேன். இன்னொருவர் கவியே அல்ல என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கிற பழக்கம் எனக்கும் உண்டு. அந்த வாக்கியங்களில் எத்தனைக்குப் பக்கத்தில் ஒரு வரியாவது எடுத்துக்காட்டியிருக்கிறேன் என்று போன வாரம் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எனக்குக் கௌரவமாக இல்லை.