அழுத்தத்திற்கும் ஒரு மாத்திரை

உடம்பைக் கையால் பேணும் செயலுக்குத் தமிழில் உள்ள சொற்களை வரிசைப்படுத்தினால் அதுவே ஓர் அளவுகோலாகிவிடும். வருடுதல், தடவுதல், நீவுதல், பிடித்துவிடுதல், அமுக்குதல், பிசைதல், மிதித்தல் எனப் படிப்படியாக அழுத்தம் ஏறுகிறது. பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் தடவுகிறோம், சுளுக்கை நீவுகிறோம், முதியவர் காலைப் பிடித்துவிடுகிறோம். எந்த உடம்புக்கு எவ்வளவு என்ற கேள்வி இச்சொற்களிலேயே இருக்கிறது. மருத்துவ மரபுகள் அதற்குச் சொன்ன விடைகள் வேறுபட்டாலும், அளவை முடிவு செய்வது அழுத்துகிறவரின் வலிமையன்று, அழுத்தத்தை ஏற்கும் உடம்பே என்பதில் அவை ஒன்றுபடுகின்றன என்பது என் துணிபு.

சித்த மருத்துவம் கூறும் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளுள், உடம்பைக் கையால் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். அழுத்தல் இவற்றில் ஒன்றே ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். விசையைக் கூட்டுவதே சிகிச்சை என்று இந்த மரபு கருதவில்லை. வர்ம மருத்துவம் இதை இன்னும் நுட்பமாக வகுத்தது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக 108 இடங்களைச் சொல்லி, அங்கே செலுத்தும் விசையை மாத்திரை என்ற அலகால் குறித்தது. முழு மாத்திரையில் ஊறு விளைவிக்கும் இடமே கால், அரை மாத்திரையில் மருந்தாகும். இலக்கணத்தில் ஒலியின் கால அளவைக் குறிக்கும் சொல், வர்ம ஆசானின் விரலில் விசையின் அளவாயிற்று. சித்த நோய்க்கணிப்பில் மணிக்கட்டின் சுற்றளவை நூலால் அளக்கும்போதும் அந்த நோயாளியின் விரற்கடைதான் அலகு. ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டு வளர்ந்த மருத்துவம் இது.

ஆயுர்வேதம் வேறொரு வழியை எடுத்தது. சுசுருத சம்ஹிதைக்கு உரை கண்ட தல்ஹணர், தேய்த்த எண்ணெய் மயிர்க்காலை அடைய 300 மாத்திரை, தோலை அடைய 400, இப்படியே ஏறி மஜ்ஜையை அடைய 900 என்று காலத்தைக் கணக்கிட்டார். இந்த எண்களை இன்றைய உடலியல் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆழம் வேண்டுமானால் விசையைக் கூட்டாதே, நேரத்தைக் கூட்டு என்ற முறைமைதான் அதில் நாம் கொள்ள வேண்டியது. கேரளக் களரியின் சவிட்டி உழிச்சல் இதற்கு முரண் அல்லவா, முழு உடம்பும் ஏறி மிதிக்கிறதே என்று கேட்கலாம். மிதிப்பவர் மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு தம் எடையில் ஒரு பங்கையே இறக்குகிறார். அதுவும் அகன்ற பாதத்தில் பரவிவிடுகிறது. அதே எடை ஒரு கட்டைவிரல் நுனியில் இறங்கினால் தசை தாங்காது. விசை மட்டுமல்ல, அது பரவும் பரப்பும் சேர்ந்ததுதான் அழுத்தம்.

கீழை நாடுகளிலும் மேற்கிலும் இதே தெளிவு உண்டு. ஜப்பானில் 1940இல் நமிகோஷி தோகுஜிரோ பள்ளி தொடங்கிக் கற்பித்த ஷியாட்சுவின் பெயருக்கே விரலழுத்தம் என்று பொருள். ஆயினும் விரலை முறுக்காமல், உடல் எடையை மெல்லச் சாய்த்தே அதில் அழுத்துகிறார்கள். யுனெஸ்கோ 2019இல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்ட தாய்லாந்தின் நுவாத் தாய், கையோடு முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றையும் இடத்துக்குத் தக்கபடி பயன்படுத்துகிறது. டச்சு மருத்துவர் மெட்ஸ்கர் வழிவந்த ஐரோப்பிய முறை, மெல்லிய நீவலில் தொடங்கிப் பிசைதலுக்குப் போய் மீண்டும் நீவலில் முடிகிறது.

வலித்தால்தான் நோய் விடும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். வலிக்கும் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும்; இறுகிய தசைமேல் அழுத்தினால் அழுத்துபவருடன் அது போராடுகிறதே தவிர இளகுவதில்லை. கன்றிப்போன தோல் நுண்குழாய்கள் உடைந்ததற்கு அடையாளம், குணத்துக்கு அல்ல. தொடையின் தடித்த திசுப்படலத்தைச் சிறிதளவு நெகிழ்த்தவே மனிதக் கையால் தரமுடியாத விசை தேவை என்று 2008இல் வெளியான ஒரு கணித ஆய்வு காட்டியது. அப்படியானால் மெல்லத் தொட்டாலே போதுமா? அதுவும் இல்லை. மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபானி ஃபீல்டு குழுவினர் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், எடை கூடியது மிதமான அழுத்தத்தால். மிக மெல்லிய தொடுகையால் அல்ல.

உடம்பின் மறுமொழியே அளவு என்றால், மறுமொழி சொல்ல இயலாத உடம்பை என்ன செய்வது? இது வலுவான மறுப்பு. நீரிழிவால் பாதம் மரத்தவர் வலிக்கவில்லை என்பார், அச்சொல்லை நம்பக்கூடாது. எலும்பு தேய்ந்த முதியவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் ஆகியோரிடம் குறைந்த அளவோடு நிற்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. உணர்ச்சி பேசாத இடத்தில் நோய் வரலாறு பேச வேண்டும்.

எண்ணால் சொல்ல முடியாததற்குத் தரம் வகுக்க முடியாது என்பதும் சரியன்று. தொடங்குமுன் நோயும் மருந்தும் கேட்டறிதல், மெல்லத் தொடங்கிப் படியாக ஏறுதல், மூச்சு தடைபட்டாலோ முகம் சுளித்தாலோ உடனே தளர்த்தல், கன்றலைப் பிழையெனக் கணக்கிடுதல் ஆகியவை எந்தத் தேர்விலும் சோதிக்கத் தக்கவை. தொக்கணமும் வர்மமும் கற்பிக்கும் நிலையங்கள் மாணவரின் கைவலிமையைப் பாராட்டுவதை விட்டு இவற்றுக்கு மதிப்பெண் வழங்க வேண்டும். கால் மாத்திரையில் நிறுத்தத் தெரிந்த கைக்கே ஆசான் என்ற பெயர் பொருந்தும்.