375 கிராம் சந்தோஷம்

கேனன் ஆர்50 என்ற மிரர்லெஸ் கேமராவை வாங்கியதிலிருந்து டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் யார் கண்ணில் பட்டாலும் நான் விடுவதே இல்லை. முதலில் கையில் கொடுத்துவிடுவேன். "பிடிச்சுப் பாருங்க!" பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தே 375 கிராம். அதில் எப்போதும் மாட்டியிருக்கும் ஆர்எஃப் 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 120 கிராம். இரண்டும் சேர்ந்தும் அரைக் கிலோவைத் தொடவில்லை. என் டிஎஸ்எல்ஆரான 5டி மார்க் 4 மட்டுமே 890 கிராம். அதில் போடும் 24-70 எஃப்/2.8 லென்ஸ் இன்னொரு 805. கூட்டினால் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கழுத்தும் தோளும் அந்தக் கணக்கைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தன.

அதற்காக 5டி மேல் பிரியம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கல்யாண வேலைக்கு இன்றும் அதுதான். இரண்டு கார்டு போடலாம், தூறலுக்குப் பயமில்லை, ஒரே பேட்டரியில் முகூர்த்தம் முடிந்து பந்தி வரைக்கும் ஓடும். நான் தேடியது அதற்கு மாற்று இல்லை. அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிற நாட்களில் கூடவே வரும் ஒன்று. அப்படிப்பட்ட நாட்கள்தான் எனக்கு அதிகம்.

தேடலில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஜி எக்ஸ்100விஐ-ஐக் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனமே வரவில்லை: 40 மெகாபிக்சல், 521 கிராம், பழைய ஃபிலிம் கேமரா போன்ற அழகு. ஆனால் அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. சோனி ஏ6400 ஃபோகஸ் பிடிக்கும் வேகம் பிரமாதம். என் கேனன் லென்ஸ்களை அதில் போட மட்டும் வேறு கம்பெனி அடாப்டரை நம்ப வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் லென்ஸ்கள் உள்ளங்கையில் அடங்குகின்றன. சென்சாரின் பரப்போ ஃபுல் ஃப்ரேமில் கால்வாசிதான். விளக்கு வெளிச்சத்தில் அதிகம் எடுக்கிறவன் நான், அதனால் தயங்கினேன்.

ஆர்50-இல் நான் கவிழ்ந்தது அடாப்டர் விஷயத்தில். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அதனால் பழைய இஎஃப் மவுண்ட் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஆர்எஃப் மவுண்ட் 20 மி.மீ. தூரத்துக்கு வந்துவிட்டது. மிச்சமுள்ள 24 மி.மீ.தான் அடாப்டரின் தடிமன். உள்ளே ஒரு துண்டுக் கண்ணாடிகூட இல்லை, வெறும் குழாய், அதோடு மின் தொடர்புக்கான பின்கள். படத்தின் தரம் குறைய அங்கே ஒன்றுமே இல்லை! 110 கிராம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசர், அபெர்ச்சர் எல்லாம் சொந்த பாடியில் மாட்டியது போலவே வேலை செய்கின்றன. (நிக்கான் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஓடும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும்.)

என் பழைய 70-300 லென்ஸை அப்படி மாட்டிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் போனேன். ஏபிஎஸ்-சி சென்சார் என்பதால் 1.6 மடங்கு, 300 மி.மீ. லென்ஸ் 480 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டுகிறது. சங்குவளை நாரை ஒன்று தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கியதும் வியூஃபைண்டரில் நீலக் கட்டம் ஒன்று நேராக அதன் கண்ணில் போய் உட்கார்ந்தது. நாரை திரும்பியது, கட்டமும் திரும்பியது. ஃபிரேமின் ஓரத்துக்கு நகர்ந்தது, அங்கேயும் விடவில்லை. 5டி-யின் 61 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவில்தான் கூடியிருக்கும். ஓரத்துக் கண்ணைப் பிடிக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்! அதே லென்ஸ், அதே கை. ஒவ்வொரு படத்திலும் கண் கூர்மையாக நிற்கிறது.

காசிமேட்டில் கிடைத்தது வேறு வகைச் சந்தோஷம். விடியற்காலை மீன் ஏலக் கூட்டத்தில் பெரிய கேமராவைத் தூக்கினாலே, "எந்த டிவிப்பா?" என்று நாலு பேர் திரும்புவார்கள். மீன் வெட்டுகிற கை நின்றுவிடும். ஆர்50-இன் திரையைப் பக்கவாட்டில் திறந்து, இடுப்பு உயரத்தில் வைத்து, குனிந்து பார்த்தபடி நின்றேன். இறாலைக் கூறு போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார், கேட்டதற்குத் தலையாட்டினார், வேலையைத் தொடர்ந்தார். 28 மி.மீ. லென்ஸ் 23 செ.மீ. வரை நெருங்க விடும். அவருடைய கண்ணாடி வளையலில் ஒட்டியிருந்த மீன் செதில்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "எங்க, காட்டு தம்பி" என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கச்சேரிக்கும் இதைத்தான் கொண்டுபோகிறேன். எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே இல்லை. ஆலாபனை நடக்கும்போது கண்ணாடி அடிக்கும் சத்தம் என்ற குற்ற உணர்வே வேண்டாம். மிருதங்க வித்வானின் விரல்கள் பறக்கும் நேரத்தில் மட்டும் அதை மாற்றிவிடுங்கள். சென்சார் வரிவரியாகப் படிக்கிறது, விரல் வளைந்து விழும். எல்இடி விளக்கு இருந்தால் பட்டை பட்டையாகக் கோடும் வரலாம். தனி ஆவர்த்தனத்துக்குச் சாதாரண ஷட்டரே நல்லது, கைதட்டலில் அந்த மெல்லிய சத்தம் கரைந்துவிடும்.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. ஒரே கார்டுதான். மழையில் எடுத்துப் போகாதீர்கள். பாடிக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. எல்பி-இ17 சின்ன பேட்டரி, உபரி ஒன்று பையில் இருக்கட்டும். பழைய கேனன் ஃப்ளாஷ் நேராக ஏறாது, ஏடி-இ1 என்ற தனி அடாப்டர் வேண்டும். இவற்றில் எதுவும் என் உற்சாகத்தைக் குறைக்கவில்லை. மெனு எனக்குப் பழகிய அதே கேனன் மெனு. தோலின் நிறம் 5டி படங்களோடு சேர்ந்து போகிறது. ஒரே ஆல்பத்தில் கலந்து வைத்தேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உங்களிடமும் கேனன் டிஎஸ்எல்ஆர் இருந்தால், கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பிடித்த லென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். அடாப்டரை எடுத்துத் தரச் சொல்லி, அதில் மாட்டி, தெருவில் போகிற ஆளின் முகத்தில் ஃபோகஸ் வைத்துப் பாருங்கள். கடையில் 18-45 கிட் லென்ஸோடுதான் காட்டுவார்கள். அதுவும் நல்ல லென்ஸ்தான். ஆனால் முடிந்தால் அந்தச் சின்ன 28-க்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.